தமையனார் பருகாத நீர்

தமையனாரின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அவர் மகன், "பொறப்பு, வேலை, குணம், அவ்ளோதான் சித்தப்பா. ஆஸ்பத்திரிக் கதையெல்லாம் வேணாம்" என்றான். அவன் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. மாமனார் குடித்த நீரில் அவன் மனைவி எதையோ கலந்து கொடுத்தாள் என்றொரு பேச்சு நம் உறவினரிடையே ஓராண்டாக உலவி வருகிறது. கருமாதி நாளில் அந்த மருமகள் நீட்டிய தட்டிலிருந்து குவளையை எடுக்கச் சிலர் தயங்கியதை என் கண்ணால் கண்டேன். அப்பேச்சு எவர் வாயிலிருந்து புறப்பட்டது என்பதை நான் அறிவேன். ஆகவே அவன் கேட்ட அளவோடு என்னால் நிறுத்த இயலவில்லை.

தமையனார் பிறந்த ஊரை இன்று எவரும் சென்று காண முடியாது. அவ்விடம் சுரங்கமாகிவிட்டது. நிலம் கொடுத்த குடும்பத்தார் என்ற முறையில் அவருக்கு வேலை கிடைத்தது. நிலக்கரிப் படுகையின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை அல்லும் பகலும் வெளியேற்றினால்தான் சுரங்கம் நிலைக்கும். அந்நீரை இறைக்கும் பொறிகளைக் காக்கும் பணியில் முப்பதாண்டுகளுக்கு மேல் இருந்தார். அவர் ஊதியத்தில்தான் நான் புலவர் பட்டம் பெற்று நகரியப் பள்ளியில் தமிழாசிரியனானேன்.

கூச்சம் மிக்கவர். மருமகள் கூடத்துக்கு வரும் ஓசை கேட்டாலே மடித்துக் கட்டிய வேட்டியைத் தழைத்துவிடுவார். அண்ணியார் மறைந்தபின் தம் துணிகளைத் தாமே துவைத்துக்கொண்டார். அக்கூச்சத்தைப் பண்பென்று மட்டுமே நாங்கள் கருதியிருந்தோம்.

எழுபத்தெட்டாம் அகவையில் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அவருக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை நடந்தது. எதையும் ஐயுற்று நோக்குவது என் இயல்பு. பொருத்திய மூட்டு, சொன்ன மூட்டுதானா என்று மருத்துவரையே வினவினேன். அவர் சிரித்துவிட்டு ஊடுகதிர்ப் படத்தைப் பிடித்துக் காட்டினார். ஆறாம் நாள் தமையனார் மகனின் குடியிருப்புக்குத் திரும்பினார்.

மகனுக்குச் சுரங்கத்தில் இரவு பகல் மாறி வரும் முறைப்பணி. எனவே தந்தையாரைக் குளியலறைக்கு அழைத்துச் செல்ல மந்தாரக்குப்பத்திலிருந்து ஓர் உதவியாளரை அமர்த்தினான். ஐம்பது வயதுக்காரர், ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். அவர் வந்த நான்காம் நாள், தமையனாரின் கைக்கடிகாரம் இல்லாதது தெரிந்தது. ஓய்வு பெற்ற நாளில் உடன் பணியாற்றியோர் அளித்தது. வீட்டில் அயலார் அவர் ஒருவரே. அவரை வேலையிலிருந்து நானே நிறுத்தினேன்.

"வாட்ச்ச நான் பாக்கவே இல்லீங்க" என்றார் அவர். செருப்பை மாட்டிக்கொண்டே, "பெரியவர தண்ணி நல்லா குடிக்கச் சொல்லுங்க. வாக்கர் இல்லாம எழுந்திருக்க வுடாதீங்க" என்று சொல்லிச் சென்றார். இதைக்கூட நடிப்பென்றே கருதினேன்.

ஒரு வாரம் கழிந்தது. புண் ஆறியிருந்தது, கால் நன்றாக மடங்கியது. ஆனால் தமையனாரின் முகம் வாடி, கண்கள் உள்வாங்கியிருந்தன. என்னை அருகழைத்தார்.

"கதவ சாத்துடா. இந்தப் பொண்ணு தண்ணியில என்னமோ கலக்குது."

"யாரு, மருமகளா?"

"சத்தம் போடாத. நான் பாத்துக்கினுதான் இருக்கேன். டம்ளர் அடியில வெள்ளையா நிக்குது பாரு."

நின்றது. சமையலறையில் அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்து நீரில் தட்டுவதையும் அன்றே கண்டேன். சன்னலுக்கு வெளியே மண் ஈரமாக இருந்தது. எஞ்சியதை அங்கே கொட்டுகிறாள் என்று முடிவு கட்டினேன். அறிவு தடுமாறியவர் குழறிப் பேசுவார் என்பதே என் எண்ணம். தமையனாரோ பணிக்காலத்தில் பொறியின் பழுதை விளக்கியது போலத் தெளிவாகப் பேசினார். அவ்வளவு தெளிவாகப் பேசுபவரை நான் எப்படி நம்பாதிருப்பேன்?

விருத்தாசலத்தில் இருக்கும் எங்கள் தங்கையிடம் தொலைபேசியில் அனைத்தையும் சொன்னேன். பிறகே குவளை நீரைச் சிறு புட்டியில் ஊற்றி மருந்துக்கடைக்கு எடுத்துச் சென்றேன். கடைக்காரர் நாவில் ஒரு துளி வைத்துப் பார்த்தார்.

"வாத்தியாரே, இது உப்பு சக்கர பவுடரு. உங்க வூட்டு மருமகதான் நேத்து வாங்கிக்கினு போனாங்க. இதுக்காவா இவ்ளோ வெயில்ல வந்தீங்க?"

அத்துடன் என் ஐயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கடைக்காரர் அவளுக்கு வேண்டியவரோ என்று எண்ணினேன். தங்கையிடம் சொன்னதைத் திருத்தவும் இல்லை.

அன்று மாலை தமையனாருக்குக் காய்ச்சல் ஏறியது. "பம்பு சத்தம் கேக்கல. நிறுத்திட்டானுங்க. தண்ணி மேல வந்துக்கினு இருக்கு, எங்கிட்ட மறைக்கிறீங்க!" என்று கட்டிலிலிருந்து இறங்க முயன்றார். மருமகள் அவர் தோளைத் தாங்கி, "எல்லாம் ஓடுது மாமா, இப்பதான் போன் வந்துச்சு" என்றாள். அவளையும் சதிகாரி என்றார்.

நகரியத்திலேயே மருத்துவமனையில் சேர்த்தோம். பழைய ஊடுகதிர்ப் படங்களைப் பார்க்க மருத்துவர் அவற்றின் உறையைக் கவிழ்த்தார். படத்தோடு கைக்கடிகாரமும் மேசையில் விழுந்தது. படம் எடுக்கும்போது கழற்றித் தாமே உறைக்குள் போட்டு மறந்திருக்கிறார் தமையனார்.

"மூட்டு அருமையா இருக்குங்க. தண்ணியே குடிக்காம இருந்திருக்காரு. யூரின்ல கிருமி வந்து ரத்தத்துல கலந்திருக்கு. வயசானவங்களுக்கு இதுல புத்தி தடுமாறும், கூட இருக்கறவங்களையே சந்தேகப்படுவாங்க" என்றார் மருத்துவர்.

தமையனாருக்குத் தொற்று இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

மருமகள் தலைகுனிந்தவாறே சொன்னாள்: "அந்த ஆளு போனதுலேர்ந்து மாமா தண்ணிய ஜன்னல் வழியா ஊத்திடறாரு சின்ன மாமா. கேட்டா கூச்சப்படுவாருன்னு கேக்கல. ஆபரேசன் பண்ண டாக்டருக்கு போன் போட்டேன். குடிக்கிற கொஞ்சத்துலயாவது இந்தப் பவுடர கலந்து குடுன்னாரு."

மூன்றாம் நாள் தமையனாருக்குச் சிறிது தெளிவு வந்தது. மருமகளைப் பழித்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. ஏன் நீர் பருகவில்லை என்று கேட்டேன்.

"குடிச்சா போவணுமேடா. அந்தப் புள்ள கையப் புடிச்சிக்கினு கூட வரும். கதவுக்கு வெளிய நிக்கும். மருமவளாச்சே... அந்த ஆளு இருந்த வரைக்கும் கவலயில்ல. அவன் ஏன் வராம போயிட்டான்?"

அன்று மருமகள் கரண்டியால் கொடுத்த நீரைத் தமையனார் மறுக்காமல் பருகினார். மறுநாள் மீண்டும் நினைவிழந்தார். ஐந்தாம் நாள் விடியற்காலையில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

இதை எழுதப்போவதாகச் சொன்னபோது, "மாமா ஜன்னல்ல ஊத்தினத மட்டும் எழுதாதீங்க, பாவம்" என்றாள் மருமகள். தன் பெயரைக் காப்பதைவிட அவர் மானத்தைக் காப்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவள் சொல்லை மீறியே எழுதுகிறேன். தமையனார் பொறுப்பார்.

துயர நாள்களில் உறுதுணையாக நின்ற அண்டைக் குடியிருப்பினர், ஊர்தி ஓட்டி உதவியவர், மருத்துவர், செவிலியர் அனைவர்க்கும் குடும்பத்தார் சார்பில் நன்றி. மந்தாரக்குப்பத்து உதவியாளர்க்கு நன்றி கூறும் தகுதி எனக்கில்லை. கருமாதி முடிந்தபின் அவர் வீட்டுக்குச் சென்றேன். "வாட்ச் கெடச்சிடுச்சா? சரி வுடுங்க வாத்தியாரே. பெரியவரு இப்ப நல்லா நடக்கிறாரா?" என்று கேட்டார். செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை.

அவரும் நினைவு நாளுக்கு வர இசைந்திருக்கிறார். படையல் முடிந்து பந்தியில் அமரும்போது, வழக்கம் போல மருமகளே குவளைகளை ஏந்தி வருவாள். முதற்குவளையை எடுத்து நான் பருகுவேன். தட்டு அடுத்து உங்களிடம் வரும்.