விழாதவர்களின் தோட்டம்

என் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று உறவினர்கள் கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடுவேன்: மனிதர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதைப் பற்றி. அதற்குப் பிறகு வரும் அமைதியை நான் மிகவும் ரசிப்பேன். ஈப்போ நகரத்துச் சிலிபினில் இருக்கும் என் பெரிய மாமாதான் ஒருமுறை அந்த அமைதியைக் கலைத்தார்.

"நிக்கிறதுக்கா பாப்பா கவர்மெண்டு காசு குடுக்குது?"

நான் பிசியோதெரபி படிக்கப் போனபோதும் இதே மாமாதான் ஒரு கல்யாண வீட்டில் எல்லோருக்கும் முன்னால் முட்டியை நீட்டி, கொஞ்சம் அமுக்கிவிடச் சொன்னார். எங்கள் குடும்பத்தில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் வரை தாண்டிவிட்டேன். அதனால் குடும்பத்தின் எல்லா முட்டிகளும் என் பொறுப்பு.

நிற்பது, நின்றுகொண்டிருப்பவர்களுக்கு மிகச் சாதாரணமான காரியம். நீங்கள் ஆடாமல் அசையாமல் நிற்பதாக நினைக்கும்போதும் உங்கள் உடல் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணும் காதின் உட்பகுதியும் பாதமும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை கணுக்காலுக்கும் இடுப்புக்கும் உத்தரவு போட்டு, விழப்போகும் உங்களை ஓயாமல் இழுத்து நிறுத்துகிறது. வயதானால் செய்தியும் தாமதமாகிறது, உத்தரவும் தாமதமாகிறது. இதை அளக்க ஒரு பலகை இருக்கிறது. அதன்மேல் ஏறி நின்றால் உடலின் பாரம் எந்தப் பக்கம் எவ்வளவு போகிறது என்பதைக் கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும். கண்ணைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை, பிறகு காலடியில் பஞ்சு மெத்தை வைத்து ஒருமுறை. அவ்வளவுதான் சோதனை.

இதை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்களிடம் செய்து பார்க்க வேண்டும் என்பது என் யோசனை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடந்தவர்கள் அவர்கள். பிறகு காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து சரிவில் இறங்கியவர்கள். வாளி தளும்பினால் கூலியும் தளும்பும். அப்படிப் பழகிய உடல்கள் முதுமையில் எப்படி நிலைகொள்கின்றன? எனக்குத் தெரிந்து யாரும் கேட்டதில்லை. நான் கேட்டேன். அதில் எனக்குக் கர்வம் உண்டு. மறைக்கும் உத்தேசமும் இல்லை.

என் மேற்பார்வையாளருக்கு அந்தக் கர்வத்தில் பங்கில்லை. ஈப்போவில், குளிரூட்டிய கிளினிக்குக்குத் தாமே காரோட்டி வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்களை வைத்துச் செய்யலாமே என்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர்களைப் பற்றி உலகத்துக்கு இன்னும் என்ன தெரிய வேண்டியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. மரியாதை தெரிந்தவள். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கடந்த ஓராண்டில் விழுந்தவர்களும் வேண்டும், விழாதவர்களும் வேண்டும். இரு தரப்பையும் ஒப்பிடாமல் ஆராய்ச்சி இல்லை. பள்ளி விடுமுறை முடிவதற்குள் விழுந்தவர்கள் கிடைக்காவிட்டால் தோட்டத்தை மறந்துவிட்டு ஆசிரியர்களிடம் போக வேண்டும்.

எங்கள் தோட்டம் பாகான் செராய் போகும் வழியில் இருந்தது. ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. செம்பனையில் பாதி போய் வீடமைப்பு வந்தது. ஆட்கள் மட்டும் மலிவு விலை வீடுகளில் அப்படியே இருக்கிறார்கள். அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். மரம் வெட்டிய கையால் இப்போது பள்ளிக் கேண்டீனில் சோறு வடிக்கிறார். ஆள் சேர்க்கும் வேலையை அம்மாவிடம் விட்டேன். அம்மா அதை மண்டோர் ஐயாவிடம் விட்டார். அந்தக் காலத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிட்டு மேற்பார்த்தவர் அவர். தோட்டம் மூடப்பட்ட செய்தியை அவருக்கு இன்னும் யாரும் முறைப்படி தெரிவிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பலகையைக் காரில் ஏற்றிக்கொண்டு நான் எட்டரைக்கே போனால், பாலாய் ராயா என்னும் பொது மண்டப வாசலில் விடிந்ததிலிருந்து வரிசை நிற்கிறது. பெண்கள் கல்யாணப் பட்டுச்சேலையில் இருந்தார்கள். ஆண்கள் மடிப்புக் கலையாத சட்டையில் இருந்தார்கள். மண்டோர் ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையோரம் நடந்துகொண்டிருந்தார்.

ஒவ்வொருவரிடமும் கேட்டேன்: இந்த ஒரு வருஷத்தில் எங்கேயாவது விழுந்தீர்களா? ஒருவர், தான் என்ன குடிகாரனா என்று கோபித்துக்கொண்டார். ஓர் அத்தை, ரோடு இருக்கும்போது எதற்கு விழ வேண்டும் என்று என்னையே திருப்பிக் கேட்டார். பலகையில் ஏறியவர்கள் சுதந்திர தின அணிவகுப்புப் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். ஒரு மாமாவின் முகம் சிவக்கச் சிவக்க எனக்குப் பயம் வந்துவிட்டது.

"மூச்சு விடுங்க மாமா."

"விட்டா ஆடுமே பாப்பா."

எல்லோரும் இறங்கியதும் எடை எவ்வளவு என்று கேட்டார்கள். இது எடை சொல்லும் பலகை இல்லை என்றேன். தராசு ரிப்பேர் என்று முடிவு செய்து என்மேல் இரக்கப்பட்டார்கள். கண்ணை மூடிப் பஞ்சு மெத்தையில் நிற்கச் சொன்னபோது வரிசையிலிருந்து ஒரு குரல், நம்மையோ இவளையோ யாரையாவது ஒருவரைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றது. அங்கேதான் பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். விழுந்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்த ஞாயிறும் அதே கதைதான். வேறு சேலை, அதே நெஞ்சு நிமிர்த்தல். மேற்பார்வையாளருக்கு விவரம் அனுப்பினேன். உங்கள் தோட்டத்தில் புவியீர்ப்பு விசை கிடையாதா என்று பதில் வந்தது. விடுமுறையில் ஒரே ஒரு ஞாயிறுதான் மிச்சம் இருந்தது.

அன்று மாலை அம்மா வீட்டுக்குப் பின்னால் பலகையைக் காரில் வைத்துக்கொண்டிருந்தபோது பின்சந்தில் பக்கத்து வீட்டு அத்தை துணி எடுத்துக்கொண்டிருந்தார், ஒற்றைக் கையால். மறு கையில் மாவுக்கட்டு. என்னைப் பார்த்ததும் ஒரு போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். போர்வையை விலக்கிக்கொண்டு போய் நின்றேன்.

"என்னா அத்த இது? எப்ப விழுந்தீங்க?"

"நான் வரலாம்னுதான் இருந்தேன் பாப்பா. மண்டோருதான் பெரட்டுலேயே கழிச்சு விட்டுட்டாரு."

தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். வரிசையில் நிற்பவர்களை மண்டோர் ஒரு பார்வை பார்ப்பார். காய்ச்சலோ நொண்டலோ தெரிந்தால் அன்றைக்கு மரம் இல்லை, கூலி இல்லை. அதனால் பெரட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போனதே கிடையாது. மண்டோர் ஐயா எனக்காகவும் அதே பெரட்டு நடத்தியிருக்கிறார். நான் ஒன்பது மணிக்கு வருவதற்குள் கைத்தடிக்காரர்கள், இடுப்பு பிடித்தவர்கள், கட்டுப் போட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். மிஞ்சியவர்களிலும் விழுந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. கையில் கணினியோடு வந்து, நல்லா இருக்கியா என்று கேட்பவர் யார்? தோட்டத்தை ஆளும் தொரை. இத்தனை வருஷம் படித்து, நான் கடைசியில் தொரையாகியிருந்தேன்.

"ஒங்கம்மாவும் சரின்னுதானே சொன்னா," என்று போகிற போக்கில் சேர்த்தார் அத்தை.

அம்மா வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட்டதும் மறுக்கவில்லை. நம் பிள்ளை படித்துவிட்டு வந்து நிற்கும்போது நொண்டியையும் முடத்தையும் காட்டி அவள் பெயரைக் கெடுக்க வேண்டுமா என்றார். விழுந்தவர்கள் இல்லாவிட்டால் பெயரே இல்லை, ஈப்போ ஆசிரியர்களிடம்தான் போக வேண்டும் என்றேன். ஆசிரியர்கள் என்றதும் அம்மா கீரையைக் கீழே வைத்தார். தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு அறிவியல் பிரிவு என்று என் பள்ளியில் ஓர் ஆசிரியர் கேட்டதை நான்கூட மறந்திருந்தேன். அம்மா அதைக் குறைந்த தீயில் வைத்துக் காத்து வந்திருக்கிறார்.

கடைசி ஞாயிறு. எனக்கு விழுந்தவர்கள்தான் வேண்டும் என்று மண்டோர் ஐயாவிடம் விளக்கிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் படித்தவர்களைப் பற்றிய அவரது கருத்து முழுவதும் இருந்தது. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். வாசலில் நின்று பெரட்டுக் குரலில் சொன்னார்.

"விழுந்தவங்க மட்டும் முன்னுக்கு வா."

யாரும் நகரவில்லை. மாவுக்கட்டு அத்தை கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். கைத்தடிக்காரர் ஒருவர் கைத்தடி தன்னுடையது இல்லை என்பதுபோல அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

பின்கட்டில் எல்லோருக்கும் மீலோ கலக்கிக்கொண்டிருந்த அம்மா, கையைச் சேலையில் துடைத்தபடி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் ஏறினார்.

"பாத்ரூம்ல விழுந்தேன். கோயில் படியில விழுந்தேன். கேண்டீன்ல சோத்துச் சட்டியோட விழுந்தேன். எழுதிக்க."

விழுதலைப் பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறவளுக்கு இது புதிய தகவல்.

"தொடையில கன்னிப் போயிருந்ததுக்கு மேசையில இடிச்சிக்கிட்டேன்னியே?"

"மேசையும் அங்கதான் இருந்துச்சு."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா வேலைய விடச் சொல்லுவ. விட்டுட்டு வீட்டுல ஒக்காந்து ஒன் சர்ட்டிபிகேட்டப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

மண்டபமே கேட்டுக்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடச் சொன்னேன். பஞ்சு மெத்தையில் அம்மாவின் கோடு திரையில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. தயாராகப் பின்னால் நின்றிருந்தேன், முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா இறங்கியதும் மாவுக்கட்டு வெளியே வந்தது. பிறகு தடுக்க முடியவில்லை. விழாத தோட்டம் திடீரென்று விழுவதில் போட்டி போட ஆரம்பித்தது. ஒருவர் வாய்க்காலில் விழுந்ததைச் சொன்னால் அடுத்தவர் தான் விழுந்த வாய்க்கால் இன்னும் ஆழம் என்றார். மூச்சடக்கிய மாமா திரும்பி வந்து, முதல் வாரம் சொன்னதை அழித்துவிடச் சொன்னார். எல்லோரும் முடித்த பிறகு மண்டோர் ஐயா என் காதருகே வந்தார்.

"நான் விழல. மோட்டோர்சைக்கிள்தான் விழுந்துச்சு. நான் அது மேல இருந்தேன் லா."

மேற்பார்வையாளர் மகிழ்ந்துபோனார். பிறகு எல்லோரையும் வைத்துக்கொண்டு ஒருவரை மட்டும் நீக்கச் சொன்னார். ஆராய்பவரின் தாயைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. எனக்கு அந்த விதி முன்பே தெரியும். அம்மா பலகையில் ஏறிய நேரத்தில் அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை.

அந்த வாரம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினார்.

"மொதல்ல விழுந்தது நானு. எனக்கே எடமில்லையா?"

"ஒனக்குச் சாதகமா எழுதிட்டேன்னு சொல்லுவாங்கம்மா."

"விழுந்ததுல என்னா சாதகம்?"

இதை விதியை எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மா வேலையை விடவில்லை. வழுக்காத செருப்புக்குச் சம்மதித்தார், நீல நிறத்தில் இருந்தால் மட்டும். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் இருவரும் அடுப்படியில் பயிற்சி செய்கிறோம். கழுவும் தொட்டியின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அம்மா ஒற்றைக் காலில் நிற்பார். பின்னால் நான் கைகளை நீட்டியபடி நிற்பேன்.

"ஆடுதா?" என்று போன வாரம் கேட்டார்.

"ஆடுது. எல்லாருக்கும் ஆடும்மா."

"அந்த டீச்சருங்களுக்கும்?"

"அவங்களுக்கும்தான்."

காலை மாற்றி நின்றார். இத்தனை வருஷப் படிப்பில் நான் சொன்ன எதுவும் அம்மாவுக்கு இவ்வளவு திருப்தி தந்ததில்லை.