பவுலின் நண்டுக் கொடுக்கு

உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்ததும், பவுல் சின்னக் கண்ணாடியை எடுத்துத் தன் வாய்க்குள்ளே எட்டிப் பார்ப்பார். "ஆத்தாடி, இன்னும் ரெண்டு முடி!" மனைவி விஜிலா சிரிக்க மாட்டார். அதற்காகவே பவுல் இன்னொரு தடவை சொல்வார்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய கீழ்த்தாடையில் கட்டி வந்தது. எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, அவர் காலிலிருந்தே எலும்பும் தோலும் எடுத்துத் தாடையைக் கட்டினார்கள். காலில் முளைக்கவேண்டிய முடி வாயில் முளைத்தது அப்படித்தான். "ஊருக்கெல்லாம் காலு கீழ கெடக்கு, எனக்கு வாய்க்குள்ள கெடக்கு" என்பார்.

திரேஸ்புரம் கடற்கரையில் மீன் ஏலம் கூறுகிறவர். கீழ்ப்பல் போயும் குரல் போகவில்லை. ஏலக்காரருக்குக் கறிக்கென்று கொடுக்கும் மீனில் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து எடுத்துக்கொள்வார். உயிராக நினைக்கும் நண்டை மட்டும் தம்பி மெல்வின் பக்கம் தள்ளிவிடுவார். பாவம், பார்க்காத மாதிரி தள்ளுவார்.

போன மாதம், எலும்பில் பதித்திருந்த திருகுகளில் பல் பொருத்த நாள் பார்த்தார்கள். ஆனால் திருகுகளைச் சுற்றியிருந்த கால்தோல் தடித்து, பிடிப்பில்லாமல் அசைந்தது. மருத்துவர் அதை அகற்றிவிட்டு, தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி ஒட்டி, மேலே ஒரு தகட்டை வைத்து முடுக்கினார். "பத்து நாள் சத்தம் போடக்கூடாது. தோல் நகர்ந்தா ஒட்டாது. ஒட்டலன்னா பல்லும் கிடையாது."

ஏலக்காரரிடம் சொல்கிற பேச்சா இது? பவுல் உள்ளுக்குள் பயந்துதான் போனார். மெல்வின் ஏலம் கூற, வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஆறாம் நாள், நல்ல சீலா மீன் குவியலை மெல்வின் அவசரப்பட்டு மலிவாய் முடிக்கப் போனான். பவுலுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. வாயைத் திறக்கவில்லை. குவியலுக்கு முன்னால் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். விலை ஏறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தகட்டைக் கழற்றிய மருத்துவர், "நல்லா ஒட்டிக்கிச்சு" என்றார். பவுல் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். "முடியக் காணுமே" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. விஜிலா அன்றைக்குத்தான் சிரித்தார்.

மறுநாள் ஏலம் முடிந்ததும், "ஏலே மெல்வின், அந்த நண்ட இங்கன போடு" என்றார்.

"பல்லு வைக்க இன்னும் மூணு மாசம் கெடக்கே, எத வச்சுக் கடிக்கப் போறீய?" என்று வீட்டில் விஜிலா கேட்டார்.

பவுல் நண்டின் பெரிய கொடுக்கை முறித்துக் கழுவி, பாலித்தீன் பையில் சுற்றி, ஃப்ரிட்ஜில் ஐஸ்கட்டித் தட்டுக்குப் பின்னால் வைத்துக் கதவைச் சாத்தினார்.