பலகைமேல் வைத்த மெழுகுவத்தி

எனக்கு எதிலும் அவசரம். இன்றைக்கும் அப்படித்தான். வகுப்பில் பிள்ளைகள் ஒரு கணக்கைப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த கணக்கை எழுதிவிட்டு, சாக்கட்டியைத் தட்டிக்கொண்டு நிற்பேன். சின்ன வயதில் கேட்கவே வேண்டாம். ஞாயிறு பள்ளியில் ஒரு பாடம் கேட்டால், வீடு போய்ச் சேருவதற்குள் அதை யார்மேலாவது நடத்திப் பார்த்துவிட வேண்டும். எங்கள் வீட்டிலோ மற்ற எல்லோரும் களைத்துப்போனவர்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கான ஊரிகம் லைனில் மூங்கில் தட்டி கட்டின ஒற்றை அறை வீடு. இரவும் பகலும் கல் இடிக்கும் மில்லின் சத்தம். அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகிவிட்டதால், மில் நின்றால்தான் எங்களுக்கு விழிப்பு வரும். அம்மா உட்கார்ந்தால் எழுந்திருக்க யோசிப்பாள். அப்பா நடந்துவரும்போதே பாதி தூங்கிக்கொண்டு வருவதுபோல இருக்கும்.

அப்பாவுக்கு அப்போது மெழுகுவத்தி கொடுக்கிற வேலை. சுரங்க வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் குறுக்கே ஒரு பலகை. கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளுக்கும் அந்த ஷிப்டுக்கான மெழுகுவத்தியும், அதைப் பாறையில் ஒட்டவைக்க ஒரு உருண்டை களிமண்ணும் அப்பா கொடுப்பார். இடது கையால்தான் கொடுப்பார். வலது கை சட்டைக்குள்ளேயே கிடக்கும். காலையில் பள்ளிக்கூடம் போகிற வழியில் அவருக்குக் கேழ்வரகுக் கூழ் கொண்டுபோவது என் வேலை. கூழை ஒரு மூலையில் வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பேன். ஆட்கள் வரிசையாக வருவார்கள், கையை நீட்டுவார்கள், அப்பா கையில் வைப்பார், அவர்கள் ஆட்களைக் கீழே இறக்குகிற கேஜைப் பார்த்து நடப்பார்கள்.

ஒரே ஒருவருக்கு மட்டும் அப்படி இல்லை. அது என் தாய்மாமா. அவர் வரிசையில் வந்து நிற்கும்போது, அப்பா மெழுகுவத்தியையும் மண்ணையும் பலகைமேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். மாமா எடுத்துக்கொண்டு போவார். ஒரு வார்த்தை கிடையாது. மாமாவுக்குக் கொடுப்பது ஏதோ விசேஷமான மெழுகுவத்தி, அதனால்தான் தனியாக வைக்கிறார் என்று நான் கொஞ்ச காலம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்ததையும் இதையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். அப்பாவும் மாமாவும் முன்பு கீழே ஜோடி. பாறையில் வெடி வைக்கத் துளை போடும்போது ஒருவர் உட்கார்ந்து இரும்புக் கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், மற்றவர் அதன் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டும். பிடிக்கிறவர் சுத்தியலைப் பார்க்க மாட்டார். அடிக்கிறவனை நம்பித்தான் பிடித்திருப்பார். மாமாவுக்கு அப்போது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. யாரோ வராததால் அவர் ஒரு ஷிப்ட் முடித்துவிட்டு மேலே வராமலே அடுத்த ஷிப்டும் நின்றார். நின்றபடியே கண் செருகியது. சுத்தியல் கம்பியின் தலையில் விழாமல் அப்பாவின் கைமேல் விழுந்தது.

கை பிழைத்தது, விரல்கள் பிழைக்கவில்லை. அவை மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டன. அப்பா அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை. மாமாவிடம் பேசவும் இல்லை. மாமா கொஞ்சம் தள்ளி, கோரமண்டல் என்கிற பக்கத்து லைனுக்குக் குடிபோனார். எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. அம்மாவுக்கு அண்ணன் கிடையாது, அக்காள் தங்கை கிடையாது. பெற்றவர்களும் வட ஆற்காட்டுப் பஞ்சத்தில் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சினது இந்தத் தம்பி ஒருவர். காலை ஷிப்டின் சங்கு ஊதினால் அம்மா செய்கிற வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். மாலையில் ஆட்கள் மேலே வருகிற சங்கு ஊதுகிறவரை அவள் முகத்தில் அந்த நிற்பு இருக்கும்.

மாலை விளக்கு வைத்ததும் வீட்டில் ஜெபம். பாயில் மூன்று பேரும் முழங்கால் போட்டுக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சேர்ந்து சொல்வோம். அதில், பிறரை நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்களையும் மன்னியும் என்கிற வரி வரும்போது அப்பாவுக்கு இருமல் வந்துவிடும். அம்மாவும் நானும் அந்த வரியைச் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போன பிறகுதான் இருமல் அடங்கும். சுரங்கத்துத் தூசியைத் தின்றவர்களுக்கு இருமல் புதிதா என்ன? எனக்கு அது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆனால் நான் சும்மா இருக்கிற பிள்ளையும் இல்லை. செம்பில் தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை சீரகம் போட்டுப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்வேன். இருமல் தொடங்கினதும் எழுந்து ஓடி நீட்டுவேன். அப்பா தலையைக் குனிந்தபடியே வாங்கிக் குடிப்பார்.

எங்கள் தட்டிக் கோயிலில் வாராவாரம் உபதேசியார் ஆராதனை நடத்துவார். அப்பமும் திராட்சரசமும் தருகிற திருப்பந்தியை நடத்த, நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற பாதிரியார் பெங்களூர்ப் பக்கமிருந்து எப்போதாவதுதான் வருவார். அவர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை ஆயத்தக் கூட்டம். மனஸ்தாபம் உள்ளவர்கள் அன்றைக்கே போய் ஒப்புரவாகிவிட வேண்டும். ஆகாதவர்கள் பந்திக்கு வரக்கூடாது என்பது எங்கள் சபையில் கண்டிப்பு. ஐயர் வருகிறார் என்று தெரிந்ததுமே அப்பா இன்னொருவரோடு முறை மாற்றிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போய்விடுவார். என் அப்பாவைப்போல உழைக்கிறவர் யாருமில்லை என்று நான் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். மாமா கோயிலுக்கு வருவார். பந்தி தொடங்கியதும் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். அம்மா ஒருத்திதான் எங்கள் குடும்பத்தில் முழங்கால் போடுவாள்.

அந்த முறை ஐயர் வருகிற வாரத்துக்கு முன்பு ஞாயிறு பள்ளியில் ஒருவரை ஒருவர் மன்னிப்பதைப் பற்றிப் பாடம். எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சரம்மாதான் அங்கேயும்; ஒரு படம் காட்டினார்கள். வீட்டைவிட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைத் தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொள்கிற படம். எனக்கு உடனே எங்கள் கொட்டகை ஞாபகம் வந்தது. இவ்வளவு சுலபமான காரியத்தை இவர்கள் ஏன் இத்தனை நாள் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை கூழை மூலையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். மாமா வந்தார். அப்பா வழக்கம்போலப் பலகைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். நான் முந்திக்கொண்டு அதை எடுத்து மாமாவின் கையில் திணித்தேன்.

பின்னால் நின்ற ஆள் சிரித்தார். “இன்னாப்பா, வத்தி குடுக்கறதுக்குக் கம்பெனியில ரெண்டு பேரு வச்சிட்டாங்களா? சீக்கிரம் ஆவட்டும். கேஜு போய்டும்.”

மாமா சிரிக்கவில்லை. கையிலிருந்ததைப் பார்த்தார். அப்புறம் குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “வேணாம் பாப்பா. உங்கப்பா எங்க வச்சாரோ அங்கயே வையி. நானே எடுத்துக்கறேன்.”

நான் அசையாமல் நின்றதால் அவரே மெழுகுவத்தியையும் மண்ணையும் பலகைமேல், அப்பா வைத்த இடத்திலேயே, வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அங்கிருந்து எடுத்துக்கொண்டு போனார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அடுத்த ஆள் கையை நீட்டிக்கொண்டு நிற்க, அப்பா கொடுக்க மறந்து நின்றார்.

எனக்கு அவமானமாகப் போயிற்று. நல்லது செய்தால் இப்படியா? மாலையில் அம்மாவிடம் முறையிட்டேன். ஜெபம் முடிந்து களி கிண்டி இறக்கின பிறகு அம்மா அப்பாவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவள் கோபமாகப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் கோபமில்லை.

“ஊர்ல மணியக்காரர் வூட்ல நமக்குக் கூலி எப்பிடிக் குடுப்பாங்க?”

அப்பா களியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“கையில குடுக்க மாட்டாங்க. கல்லு மேல வச்சிட்டு எட்டப் போயி நிப்பாங்க. அத்த விட்டுட்டுத்தான இங்க வந்தோம். இங்க வந்து நீங்க யாருக்குங்க கல்லு மேல வக்கிறீங்க?”

“கைய ஒடச்சவன் கையில குடுக்கச் சொல்றியா?”

“நான் ஒண்ணும் சொல்லல. அவன் தெனம் கீழ எறங்குறான். திரும்பி மேல வருவானான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதான்.”

தட்டில் களி ஆறிப்போய்விட்டது. பிறகு அப்பா சொன்னார்: “எனக்கே அசதியாத்தான் கீது. வேலைய முடிச்சிட்டு வந்தா, இத்த நெனப்புல வச்சிக்கினு கெடக்கறது இன்னொரு ஷிப்ட்டு பாக்கற மாதிரி கீது.”

“அப்ப எறக்கி வையுங்க.”

“எறக்கி வக்காம இல்ல. எறக்கி வச்சா திரும்பி ஏறிக்குது.”

விறகுக் கட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் இறக்கி வைக்க வேறென்ன இருந்தது? விறகு நான் போய்க் கொண்டுவருகிறேன் என்றுகூடச் சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் தட்டில் இன்னும் கொஞ்சம் களி போட்டாள்.

அந்த வாரம் முழுதும் ஒன்றும் நடக்கவில்லை. பலகை, மெழுகுவத்தி, திரும்பின முகம். நானும் அலுத்துப்போய் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை காலை மாமா வரிசையில் வந்தார். பலகையைப் பார்த்துக்கொண்டே வந்தார். பலகைமேல் ஒன்றுமில்லை. நிமிர்ந்தார். அப்பா சட்டைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்திருந்தார். மடங்கின விரல்களுக்கு நடுவே மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு அந்தக் கையை நீட்டினார்.

மாமா இரண்டு கையையும் ஏந்தினார். அந்த விரல்கள் விடவும் அறியாதவை, பிடிக்கவும் அறியாதவை. மெழுகுவத்தி நழுவித் தரையில் உருண்டது. மாமா குனிந்து அதைத் தேடினார். காலடியிலேயே கிடந்ததை எடுக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. ‘இங்கதான் மாமா கிடக்குது’ என்று நான் காட்டக்கூடச் செய்தேன். அவர் முகத்தை நிமிர்த்தவில்லை.

“மண்ணு காஞ்சி கீது,” என்றார் அப்பா, இடது கையால் மண் உருண்டையை நீட்டி. “தண்ணி தொட்டுக்க.”

“சரி மாமா,” என்றார் அவர். அக்காள் புருஷனை அவர் மாமா என்று கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். வாளியில் விரலை நனைத்து மண்ணைப் பிசைந்துகொண்டே கேஜைப் பார்த்து நடந்தார்.

அவ்வளவுதான். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை, பாடவில்லை. டீச்சரம்மாவின் படத்தில் இருந்ததில் பாதிகூட இல்லை. போதாததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலைக்குப் போய்விட்டார். முறையை முன்பே மாற்றிக்கொண்டாயிற்று. மாற்றின ஆள் கல்யாணத்துக்குப் பங்காரப்பேட்டை போயிருந்தார். மாமா மட்டும் வேப்பமரத்தடிக்குப் போகாமல் உள்ளேயே இருந்தார். ஐயர் அப்பத்தை நீட்டினபோது இரண்டு கையையும் முந்தின நாள் ஏந்தினது போலவே ஏந்தினார். அம்மா பக்கத்தில் முழங்கால் போட்டிருந்தாள். அன்றைக்கு அவள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. முழங்கால் வலி என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பார்த்தால், மறுபடியும் மெழுகுவத்தி பலகைமேல். செவ்வாய்க்கிழமை கையில். புதன்கிழமை அப்பா பலகையில் வைத்துவிட்டார், பிறகு ஏதோ நினைத்துக்கொண்டதுபோல எடுத்துக் கையில் கொடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. மன்னித்தால் மன்னித்ததுதானே? வாய்ப்பாடு ஒருமுறை படித்தால் மறுநாளும் ஞாபகம் இருக்க வேண்டாமா?

“அப்பாவுக்கு மறதிம்மா,” என்றேன். “குடுத்தத மறந்துட்டு மறுபடி பலகையில வக்கிறாரு.”

அம்மா முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். “மறதியா?” என்றாள். “அது ஒண்ணு வந்தாத்தான் நல்லா இருக்குமே.”

மாமா அந்த மழைக்காலத்தில் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். அப்பா பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். வா என்று சொல்லவில்லை. மாமா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றியும் தட்டி ஒழுகுவதைப் பற்றியும் பேசினார்கள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள், அது நன்றாக எரிந்துகொண்டிருந்தபோதும்.

அன்று மாலை ஜெபத்துக்கு நாலு பேர். அந்த வரி வருகிறது என்றதும் நான் வழக்கம்போல எழுந்து செம்போடு நின்றேன். அம்மாவின் குரல் நின்றுவிட்டது. மாமாவின் குரலும் இல்லை. அப்பா மட்டும் சொன்னார். மேட்டில் ஏறுகிறவர் மாதிரி ஒவ்வொரு சொல்லாக மூச்சு வாங்கிச் சொல்லி முடித்தார். இருமல் வரவில்லை. நான் செம்பை நீட்டியபடி நின்றேன்.

“இருமலே வரலியேப்பா,” என்றேன்.

“கொண்டாந்துட்டல்ல. குடு,” என்று வாங்கினார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், சீரகத் தண்ணீர் கொடுத்து அப்பாவின் இருமலைக் குணமாக்கிவிட்டதாக டீச்சரம்மாவிடம் சொன்னேன். அவர்கள் வீட்டிலும் யாருக்கோ இருமலாம். எவ்வளவு சீரகம் போட வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு சிட்டிகை என்று நிச்சயமாகச் சொன்னேன். அதற்குப் பிறகும் சில மாலைகளில் அதே வரியில் அப்பாவுக்கு இருமல் திரும்பி வரும். அந்த நாள்களில் நான் இன்னும் கொஞ்சம் சீரகம் கூட்டிப் போட்டேன்.