இழைப்பு மேசையில் ஒரு கை

செகண்டித் துறைமுக ஊரில் கடலுக்கு எதிரே தச்சுப்பட்டறை வைத்தவர்கள், உப்புக்காற்றில் துருவேறும் இரும்பை ஒருநாள்கூட மறந்திருக்க முடியாது. மணமுறிவில் வீட்டை விட்டுக்கொடுத்த அரபா குவோஃபி, இழைப்பு மெஷினை மட்டும் விட்டுத்தரவில்லை. அதன் வார்ப்பிரும்பு மேசையைத் தினமும் மாலையில் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெழுகுவர்த்தி தேய்த்து, பளபளக்க வைத்த பிறகே பட்டறையைப் பூட்டுவாள். எண்ணெய் பூச யாரையும் விடமாட்டாள். அது மரத்தில் இறங்கினால் வார்னிஷ் ஒட்டாது.

அவளிடம் வேலை பார்த்த எக்கோவுக்கு உள்ளங்கை எப்போதும் வியர்க்கும். மேசையில் அவன் தொட்ட இடம் மறுநாள் துருவேறிச் சிவந்து நிற்கும்.

"கையா அது, கடல் தண்ணியா? தள்ளுகட்டையப் பிடிச்சுப் பலகையத் தள்ளுடா!" என்று அரபா கத்துவாள்.

"இரும்புக்கு என் மேல ஆசை, அக்கா. உனக்கு ஏன் பொறாமை?"

ஒரு செவ்வாய்க்கிழமை நெஞ்சு வலித்து அவன் கையூன்றிச் சாய்ந்ததும் அந்த மேசையில்தான். ஆஸ்பத்திரிக்கு உயிரோடு போய்ச் சேரவில்லை. ஒரு வாரத் துக்கம் முடியும்வரை பட்டறை பூட்டிக் கிடந்தது. திறந்தபோது, மேசையில் ஐந்து விரல்களோடு ஒரு கை துருவாகப் பதிந்திருந்தது.

அவன் உடல் ஊர் வழக்கப்படி இன்னும் பிணவறையில் இருந்தது; அடக்கம் செய்யும் பெட்டிக்கான பலகைகள் வாசலில் காத்திருந்தன. வெளுத்த வாவா மரம். துரு ஏறினால் போகாது. அரபா உப்புத்தாளை எடுத்தபோது, எக்கோவின் மனைவி மான்சா கறுப்புத் துணியில் உள்ளே வந்தாள். துரு அச்சில் கோணல் சுண்டுவிரலைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துகொண்டாள்.

"அத அழிக்காதீங்கக்கா. வீட்ல அவரு சட்டையெல்லாம் தொவச்சுட்டாங்க."

"விட்டா இரும்ப அரிச்சுரும், மான்சா. பலகையிலயும் ஏறும். கறை பட்ட பெட்டியிலயா அவன அனுப்புவ?"

மான்சா உப்புத்தாளுக்காகக் கையை நீட்டினாள். "குடுங்க. நான் தேய்க்கிறேன்."

அரபா மண்ணெண்ணெய் ஊற்றினாள். "அழுத்தாத. நீளவாக்குல போ. ஒரே இடத்துல தேச்சா குழி விழும்."

சிவப்பெல்லாம் துணியில் வந்துவிட்டது. ஆனாலும் சாம்பல் நிறத்தில் அந்தக் கை மங்கலாகத் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் அதுவும் மறையும்வரை அரபா விட்டிருக்கமாட்டாள். அந்த அச்சின் விளிம்பை நகத்தால் வருடினாள், எங்கும் தட்டவில்லை. மெழுகு பூசி, வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

"போதும்," என்றாள்.

மெஷினை ஓட்டினாள். முதல் பலகை அந்தக் கையின்மேல் வழுக்கிக்கொண்டு போனது. மறுபுறம் நின்று வாங்கிய மான்சா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு," என்றாள். "அடுத்தது தள்ளுங்கக்கா."