கண்ணாடித் தரையில் சம்மந்தி

சாம்பல் நிறத் துணியுறை மாட்டிய இரண்டு சிறிய பாதங்கள். அவற்றின் கீழே கண்ணாடி. அதற்கும் கீழே, வெகு கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு டிராம். என் மகளின் மாமியாரை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பாதங்கள்தான் முதலில் வருகின்றன. மெல்பேர்னில் ஒரு கட்டடத்தின் எண்பத்தெட்டாம் மாடியில், மேசை இழுப்பறை போலச் சுவரைவிட்டு வெளியே நீளும் கண்ணாடி அறை ஒன்று உண்டு. உள்ளே நுழையும்போது கண்ணாடி பால் நிறத்தில் இருக்கும். அறை முழுதாக வெளியே வந்ததும், எதுவோ உடைவது போன்ற சத்தத்துடன் சட்டென்று தெளியும். அந்தச் சத்தம் வேண்டுமென்றே வைத்தது என்று பிறகுதான் சொன்னார்கள். முன்பே சொல்லியிருந்தாலும் நான் கண்ணை மூடித்தான் இருப்பேன்.

"சம்மந்தி, கண்ணைத் திறவுங்கோ. இவ்வளவு உயரம் ஏறி வந்து நித்திரை கொள்ளுறதே?" என்றார் அவர். என் உதடுகள் அசைவதைப் பார்த்துவிட்டு, "என்ன, மந்திரமோ சொல்லுறியள்?" என்றும் கேட்டார். ஓம், மந்திரம்தான் என்றேன். உண்மையில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அது என் பழக்கம். லிஃப்டில் நிற்கும் ஆட்களை எண்ணுவேன். விமானத்தில் என் இருக்கைக்கும் அவசரக் கதவுக்கும் இடையிலுள்ள வரிசைகளை எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருக்கும் வரை எதுவும் இடிந்து விழாது என்று எனக்குள் ஒரு நம்பிக்கை. படிப்பதற்கென்று இளம் வயதில் இந்நாட்டுக்கு வந்து, இங்கேயே வேலை பார்த்து, ஓய்வு பெற்று சிட்னியின் நார்த்மீட்டில் இருப்பவன் நான். ஊரில் நடந்த யுத்தத்தைத் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்தவன். ஒரு பீரங்கிச் செல் விழும் சத்தத்தைக்கூட நேரில் கேட்டதில்லை. ஆனாலும் வாழ்நாள் முழுக்கப் பயந்தவன் நான்தான்.

சம்மந்தி அப்படியல்ல. வன்னியில் யுத்தத்தின் கடைசிவரை இருந்து, எல்லாம் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு மெல்பேர்னின் டார்னெய்ட்டில் இருக்கும் மகனிடம் வந்தவர். வரும் வழியில் கோலாலம்பூரில் இறங்கி, இரட்டைக் கோபுரங்களை இணைக்கும் பாலத்தில் நின்றுவிட்டுத்தான் மெல்பேர்ன் விமானத்தில் ஏறினார். துபாய்க் கோபுரத்தின் உச்சிக்கு எப்படிப் போவது என்று பேத்தியின் தொலைபேசியில் தேடுவார். ஏன் இந்த உயரப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேன். "பங்கருக்குள்ள எலி மாதிரிக் கிடந்தனான், சம்மந்தி. மண்ணுக்குக் கீழ இருந்தது காணும். இனி எனக்கு மேலதான்" என்றார்.

ஒரு பள்ளி விடுமுறைக்கு எல்லோரும் சிட்னிக்கு, என் வீட்டுக்கு வந்தார்கள். ஒபரா ஹவுஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தேங்காய் துருவிப்போட்டுச் சிரட்டையளைக் கவிட்டு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றார் சம்மந்தி. துறைமுகப் பாலத்தின் நடைபாதையில் கம்பிக்கு மேலால் எட்டி அவர் கப்பலைப் பார்த்தபோது, நான் அவருடைய கம்பளிச் சட்டையின் நுனியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே, இரும்பில் அறைந்திருந்த ஆணிகளை எண்ணினேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும்போது, கடலுக்கு அடியால் போகும் புதிய ரயிலையும் பார்த்துவிடுவோம் என்றார் மருமகன். மகளும் பேத்தியும் படகில் போனார்கள். நாங்கள் மூவரும் நீளமான நகரும் படிகளில் கீழே, இன்னும் கீழே இறங்கினோம். ரயிலை ஓட்ட ஆள் இல்லை என்று நான் முணுமுணுத்தேன். எப்போதும் முன்னால் நடக்கும் சம்மந்தி, படியின் கைப்பிடியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி எனக்குப் பின்னால் வந்தார். அதை நான் கவனித்தேன். ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை.

சுரங்கத்தின் நடுவே ரயில் நின்றது. முன்னால் போகும் ரயிலுக்காகக் காத்திருப்பதாக ஒலிபெருக்கி சொன்னது. விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. சுற்றியிருந்தவர்கள் கையிலிருந்த தொலைபேசியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சம்மந்தி மட்டும் ஜன்னலுக்கு அப்பாலிருந்த கறுத்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. மூச்சு மேலும் கீழுமாக வாங்கியது. எங்களுக்கு மேலே ஒரு கடலே இருக்கிறது. எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அதை அவருக்கும் கொடுப்போம் என்று நினைத்து, அவருக்குக் கேட்கும்படி மெதுவாக எண்ணத் தொடங்கினேன்.

எட்டு என்றபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"எண்ணாதேங்கோ. கடவுளாணை, எண்ணாதேங்கோ."

எதிரே நின்ற மருமகன் எங்கள் முன் குந்தினார். "மாமா, ப்ளீஸ், நிப்பாட்டுங்கோ." நாற்பது வயது மனிதரின் வாயிலிருந்து ஒரு சிறுபிள்ளையின் குரல் வந்தது.

நான் வாயை மூடினேன். ரயில் அசையவில்லை. சம்மந்தி சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "அங்கால செல் குத்துற சத்தம் கேட்டா, இஞ்சால வந்து விழும்வரைக்கும் எண்ணுவம். பிள்ளையள் பயப்பிடக் கூடாதெண்டு இவன்ர அப்பாதான் பாட்டு மாதிரி எண்ணுறவர். பதினைஞ்சு தாண்டினா அது எங்களுக்கில்லை. அண்டைக்கு அவர் பங்கர் வாசலிலை நிண்டவர். ஒன்பதோட நிண்டிட்டார்."

என் நாக்கின் நுனியில் ஒன்பது நின்றுகொண்டிருந்தது. அதை விழுங்கினேன். இந்த வயதில் கைத்தடியைப் பறித்துவிட்டு நடக்கச் சொன்னது போலிருந்தது. "ஏதும் கதையுங்கோ, சம்மந்தி" என்றார் அவர். "அண்டைக்கு மந்திரம் எண்டு சொன்னது பொய். எண்பத்தெட்டாம் மாடியிலயும் நான் எண்ணிக்கொண்டுதான் நிண்டனான்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "நல்ல காலம், எனக்குக் கேக்கேல்லை. கேட்டிருந்தா உங்களைக் கண்ணாடியால வெளியில தள்ளியிருப்பன்" என்றார். ரயில் நகர்ந்தது. மணிக்கட்டை விட அவருக்கு இன்னும் இரண்டு நிலையங்கள் ஆயின.

அதன்பிறகு எனக்கு ஒரு புதுப் பயம் சேர்ந்துகொண்டது. யாராவது பக்கத்தில் இருக்கும்போது மேசையில் விரலால் தட்டவும், கதவை வேகமாகச் சாத்தவும் தயங்குகிறேன். நான் ஆறுதல் என்று நினைத்துச் செய்வது இன்னொருவருக்கு எதுவாக இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? என் பயங்களெல்லாம் இன்னும் நடக்காதவை பற்றியவை. அவருடைய பயம் நடந்து முடிந்தது. இரண்டும் அருகருகே உட்கார்ந்து ஒரே கறுத்த சுவரைப் பார்த்திருக்கின்றன.

சம்மந்தி போன குளிர்காலத்தில் டார்னெய்ட்டில் காலமானார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள், பேத்தி என்னை அந்தக் கட்டடத்துக்குக் கூட்டிப்போனாள். அதே சாம்பல் நிறத் துணியுறைகள். இம்முறை என் பாதங்களில். அறை வெளியே நீண்டது. உடையும் சத்தம் வந்தது. தரை தெளிந்தது. என் வாய் தானாகவே திறந்தது. உதடுகளைக் கடித்துக்கொண்டு கீழே பார்த்தேன். ஒரு டிராம் மிக மெதுவாக ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அறை திரும்பவும் உள்ளே வரும்வரை கண்ணை மூடவில்லை.

"ஹவ் லோங் நிண்டனாங்கள், அம்மப்பா? நீங்கள் கவுண்ட் பண்ணியிருப்பீங்கள்தானே?" என்றாள் பேத்தி.

அவளுடைய கையை விடாமல், "எண்ணேல்லை" என்றேன்.