ஜெபக் குறிப்பில் நான் சொன்ன பெயர்

மற்றவர்கள் தங்களுக்கு வந்த துன்பத்தைச் சாட்சியாகச் சொல்வார்கள். நான் ஒரு பிள்ளைக்குக் கொடுத்த துன்பத்தைச் சொல்ல வந்திருக்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வாவிக் கரையில் எங்கள் வீடு. நான் ஞாயிறு பாடசாலையில் படிப்பிக்கிறவள். வாயும் கொஞ்சம் நீளம். போன வருடம் ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வேலியோரம் வந்து அழுதாள். தகப்பன் செத்ததிலிருந்து அவளுடைய மகள், ஆறாம் வகுப்புப் பிள்ளை, படுக்கையை நனைக்கிறாளாம்.

"அக்கா, இந்தக் கத உங்களோடயே இரிக்கட்டும். ஜெபிச்சுக் கொள்ளுங்க."

"ஓம் புள்ள, நான் ஆருக்குச் சொல்லப் போறன்?" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம் எங்கள் வீட்டில். ஜெபக் குறிப்பு இருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் கேட்டதும் முதல் ஆளாக எழும்பினேன். பெயரோடு சொன்னேன். சங்கதியையும் சொன்னேன். எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். உருக்கமாக ஜெபித்தோம். ஊர் வம்பைக் கண்ணை மூடிக்கொண்டு பேசினால் ஜெபமாகிவிடுமா? பாயின் ஓரத்தில் பிள்ளைகளும் இருந்ததை நான் எண்ணவேயில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் அவளுக்கு "ஓட்டைக் குடம்" என்று பட்டம் விழுந்தது. அவளுடைய கதிரையில் பழைய பேப்பர் விரித்து வைத்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போனார்கள். இரண்டு கிழமையில் அவள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றுவிட்டாள். சோறும் இறங்கவில்லை. தாய் அடித்தும் பார்த்தாளாம்.

நானோ முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அந்தக் கெட்ட பிள்ளைகளைத் தண்டியும்" என்று ஜெபித்தேன். ஒரு காலை அப்படி ஜெபிக்கையில், பின்னால், அதே வகுப்பில் படிக்கும் என் மகள் ஷரோன் விக்கி விக்கி அழுதாள்.

"நான்தான் அம்மா வகுப்பில முதல்ல சொன்னன். நீங்களும் எல்லாருக்கும் சொன்னீங்கதானே?"

அடிக்கக் கை ஓங்கினேன். யாரை அடிப்பது? அன்றைக்குத்தான் என் ஜெபம் மாறியது. "ஆண்டவரே, அந்தப் பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகவேண்டும். என் மானம் போனாலும் போகட்டும்."

உடனே பக்கத்து வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன்.

"உங்கள நம்பித்தானே அக்கா சொன்னன்" என்றாள் அவள். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

வகுப்பு ஆசிரியையிடமும் மறைக்காமல் சொன்னேன். ஜெபக் கூட்டத்தில் எழும்பி எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியை பிள்ளைகளோடு பேசினார். பட்டம் தெளித்துக் கேலி செய்வதும் நின்றது. ஆனாலும் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. ஷரோன் ஒவ்வொரு காலையும் அவர்கள் வீட்டு வாசல் கேற்றடியில் போய் நின்றாள். நான் வீட்டில் முழங்காலில் நின்றேன். கேற் திறக்கவில்லை.

மூன்றாம் கிழமை, மழை தூறிய ஒரு காலை, அவள் சீருடையோடு வெளியே வந்தாள்.

"வா, பிந்திட்டுது" என்றாளாம் ஷரோனிடம்.

நான் குசினியில், அடுப்படித் தரையில் இருந்து அழுதேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போகிறார்கள்.

சகோதரங்களே, உங்கள் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பட்டம் தெளித்தால், வீட்டில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று முதலில் யோசியுங்கள். பிறகு பயப்படாமல் ஆண்டவரிடம் போங்கள். குற்றவாளியின் ஜெபத்தையும் அவர் கேட்கிறார். என்னுடையதைக் கேட்டாரே!

இந்தச் சாட்சியைச் சொல்லட்டுமா என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டேன்.

"சொல்லுங்க அன்ரி. என்ட பேர ஆண்டவருக்கு மட்டும் சொன்னாப் போதும்."