அத்தானின் கட்டைவிரல்

அவளுக்கு மறதி கிடையாது. வேலை பார்க்கும் இசைக்கருவிக் கடையில் எந்தக் கிடார் எந்த மூலையில் தொங்குகிறது என்பதும் மறக்காது, தன்னை யார் என்ன சொன்னார்கள் என்பதும் மறக்காது. முக்கியமாக, அக்கா புருஷன் சொன்னது.

அவளும் அத்தானும் ஆளுக்கொரு கிடாரோடு சேர்ந்து தொடங்கிய இசைக்குழு அது. மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்து அவள் திரும்பி வந்தபோது அவளுடைய நாற்காலியில் வேறொருவன் இருந்தான். கைதான் சரியாகிவிட்டதே என்றாள். எல்லோர் முன்னாலும் அத்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீ இனிமே முன்னாடி உக்காந்து கேளு. அது போதும்."

அக்கா தரையைப் பார்த்தாள். அந்த வார்த்தை அன்றிலிருந்து முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. புதிதாக வந்தவனும் அத்தான் வாய்க்குப் பயந்து ஓடிவிட்டான் என்று கேள்விப்பட்டும் ஆறவில்லை.

அப்படிப்பட்ட அத்தான் ஒருநாள் கடைப்படி ஏறி வந்தார். மரக் கிடார் மானத்தை வாங்குகிறதாம். வெளியே வெயில், அரங்குக்குள் ஏசி. பாட்டுக்குப் பாட்டு சுருதி கலைகிறதாம். வெயிலுக்கும் குளிருக்கும் அசையாத கார்பன் ஃபைபர் கிடாரைப் பிளாஸ்டிக் வாளி என்று ஊரெல்லாம் கேலி பேசிய அதே வாய், இப்போது நல்ல வாளியாகப் பார்த்து ஒன்று கொடு என்று இளித்தது.

கடையில் இரண்டு இருந்தன. ஒன்று ஒல்லிக் கழுத்து; சத்தம் கொஞ்சம் வறட்டு, ஆனால் நாளெல்லாம் வாசித்தாலும் கை வலிக்காது. உடைந்து சேர்ந்த அவள் கையே சாட்சி. இன்னொன்று தடித்த கழுத்து. கனத்த மேல்தந்தியைத் தட்டினால் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும், விரலை எடுத்த பிறகும் நாதம் போக மனமில்லாமல் நிற்கும்.

அத்தானுக்கு ஒரு பழக்கம். அந்த மேல்தந்தியை மற்றவர்களைப் போல விரல்நுனியால் அழுத்த மாட்டார்; கழுத்துக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலை மேலே மடக்கிக் கொண்டுவந்து அழுத்துவார். ஒல்லிக் கழுத்தில் அது அழகு. தடித்ததில் ஒன்றிரண்டு பாட்டு தாங்கும், அப்புறம் கை கல்லாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை வருஷம் வாசித்தவளுக்கு இது தெரியாதா என்ன?

இரண்டையும் கொஞ்சநேரம் மீட்டிப் பார்த்துவிட்டு, "சத்தத்துல எது ஒசத்தி?" என்றார். கைக்கு எது தோது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ. கேட்கவில்லை.

"சத்தத்துல தடிச்சதை அடிச்சுக்க ஆளே இல்ல அத்தான்."

சொன்னதில் துளியும் பொய் இல்லை. உறையில் போட்டுக் கொடுக்கும்போது அவளுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

அன்று சாயங்காலமே நடந்த அத்தானின் கச்சேரிக்கு அக்காவோடு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒல்லிக் கிடாரையும் கொண்டுபோய்க் காலடியில் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அக்கா கேட்கவில்லை.

முதல் பாட்டில் சுருதி இம்மியும் நகரவில்லை, கூட்டம் சொக்கிப்போனது. இரண்டாவதில் அத்தான் கையை உதறினார். மூன்றாவது பாட்டின் நடுவில் மடக்கிய கட்டைவிரல் மடக்கியபடியே நின்றுவிட்டது. டிரம்ஸ்காரர் அடித்துச் சமாளித்துக்கொண்டே, மேலே வா என்று அவளைப் பார்த்துத் தலையாட்டினார்.

அத்தான் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு பேயறைந்த முகத்தோடு இறங்கி வந்தார். அவள் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காந்து கேளுங்க அத்தான். அது போதும்."

அவர் மனைவியைப் பார்த்தார். அக்கா இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. குனிந்து, ஒல்லிக் கிடாரை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.